ஏழடித் தகரவேலி

நாற்பது வருடத்துக்கு மேலாக என் வீட்டு வாசற்படியைக் கத்தரிக்கோல் தாண்டியதில்லை. நூலை அறுக்க வேண்டுமென்றால் பல்லால் கடிப்பேன். துணி கிழிக்க வேண்டுமென்றால் கையால் கிழிப்பேன். காய் நறுக்கும் கத்தி ஒன்று அடுப்படியில் உண்டு. அது தலைப்பக்கம் வராது என்று என் கணவருக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் தலை பின்னிப் பிழைக்கிறவள். ரோட்டோரம் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, அதில் ஒரு கண்ணாடி, இரண்டு நாற்காலி. கத்தரிக்கோல், சவரக்கத்தி எல்லாம் அங்கே ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கும். என்னைக் கட்டிக்கொண்ட யுரையாவோ ராஸ்தா மார்க்கத்துக்காரர். முடியில் ஆயுதம் படக் கூடாது என்பது அவர்கள் விரதம். அவர் சடை இடுப்புக்குக் கீழே தொங்கும். ராஸ்தாவுக்கும் சலூன்காரிக்கும் கல்யாணமா என்று எங்கள் ஊர் காட்டன் ட்ரீ வளைவு முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்துதான் தலையை நீட்டுகிறார்கள்.

போன வருடம் ஏப்ரலில் எங்கள் மலைப்பக்கத்துப் பழைய விவசாயிகள் பதினோரு பேருக்கு மருந்துக்குக் கஞ்சா வளர்க்க அனுமதி வந்தது. ஆளுக்கு இருபது செடி. பகலில், ரோட்டோரத்தில், சொந்த நிலத்தில் வளர்க்கலாம். அதுவரை யுரையா வளர்த்ததெல்லாம் மலைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில். தடம் விழக் கூடாதென்று தினம் ஒரு வழியாகப் போவார், இன்னொரு வழியாக வருவார். செடிக்குத் தண்ணீர் ஊற்றியதைவிட சுற்றி நடந்ததுதான் அதிகம்.

வேலி வாசலில் ஒரு பலகை வைக்கச் சொன்னார்கள். அனுமதி எண் மட்டும் எழுதினால் போதும். யுரையா தன் பெயரை எழுதினார். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று வண்ணத்தில் யுரையா கம்மிங்ஸ் என்று அவ்வளவு பெரிதாக எழுதியதில் எண்ணுக்கு இடமில்லை. அதைப் பலகையின் முதுகில் எழுதினார். தினமும் காலையில் ஈரத்துணியால் பலகையைத் துடைப்பார். என் கண்ணாடியைத் துடைத்துத் தரச் சொல்லிப் பத்து வருடமாகக் கேட்கிறேன், அதற்கு மட்டும் கை வராது.

விதிகள் மூன்று பக்கம் இருந்தன. எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம், ஒன்றைத் தவிர. சுற்றிலும் ஏழடித் தகரவேலி இருக்க வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் அதிகாரிகள் வந்து ரோட்டில் நின்று பார்க்கும்போது வேலிக்கு மேலே ஓர் இலைகூடத் தெரியக் கூடாது. தெரிந்தால் அனுமதி ரத்து. செடிகளைப் பிடுங்கி எரிப்பார்கள், பலகையைக் கழற்றிவிடுவார்கள். வேலியை உயர்த்தவும் வழியில்லை. ஏழடிக்கு மேலே தகரம் வைத்தால் புயல்காற்று அதைக் கொண்டுபோய்க் கியூபாவில் போட்டுவிடும்.

யுரையாவின் விதையோ அவருடைய சொந்த விதை. முப்பது வருடமாகப் பள்ளத்தில் பொறுக்கிச் சேர்த்தது. முளைத்தால் மூங்கில் மாதிரி ஒரே தண்டாக விறுவிறுவென்று ஏறும். பத்தடி, பதினோரடி போகும். அதுதான் அவருக்குப் பெருமை.

ஜூன் முதல் வாரம் டஷானா வந்தாள். அனுமதி கொடுத்த அலுவலகம் அனுப்பிய விவசாய ஆலோசகர், இருபத்தாறு வயது, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கத்துகிற மோட்டார் பைக். செடிகள் அப்போது முழங்கால் உயரம் இருந்தன. ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"யுரையா ஐயா, செடியெல்லாம் அருமையா இருக்கு. இப்பவே கொழுந்தைக் கிள்ளிடுங்க. கீழேர்ந்து அஞ்சாவது கணுவுக்கு மேல ஒரே வெட்டு. ரெண்டு பக்கமும் ரெண்டு தலை கிளம்பும். கொஞ்ச நாள் கழிச்சு அந்த ரெண்டையும் கிள்ளினா நாலு. செடி மேல ஓடாது, புதராப் படரும். பூவும் நிறைய வைக்கும்."

"மகளே, இது யாரோட தலை?" என்றார் யுரையா.

"செடியோட தலைதான்."

"செடி யாரோடது?"

"உங்களோடது. பலகையிலதான் இவ்ளோ பெருசா எழுதியிருக்கே."

"இல்ல. படைச்சவனோடது. அவன் கொடுத்த மூலிகையோட தலையில நான் கத்தி வைக்க மாட்டேன்."

"கத்தியே வேண்டாம் ஐயா. நகத்தாலயே கிள்ளலாம்."

"கத்தியோ நகமோ, போறது தலைதானே?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் சாணி உரக் கூடையோடு நின்றுகொண்டிருந்தேன்.

"என்னை எதுக்கும்மா பாக்கற? நான் நாப்பது வருஷமா பேசிப் பாத்துட்டு ஓஞ்சவ."

"அப்போ ஆகஸ்ட் கடைசில என்ன பண்ணப் போறீங்க?"

"இந்த வருஷம் மழை கம்மியா இருக்கும். செடி குட்டையா நின்னுக்கும்," என்றார் யுரையா.

"போன தடவை எவ்ளோ உயரம் போச்சு?"

"பதினோரடி."

"மழை?"

"கம்மிதான்."

டஷானா எதையோ நோட்டில் எழுதினாள். பைக்கைக் கிளப்பும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்: "மிஸ் நாவ்லெட், பூ வைக்க ஆரம்பிச்சுட்டா அப்புறம் எதுவும் பண்ண முடியாது. ஜூலைக்குள்ள ஏதாவது செய்யுங்க. அந்தப் பலகையை நான் கழட்டற மாதிரி வெச்சுடாதீங்க."

அன்று சாயங்காலம் நான் சும்மா இருக்கவில்லை. விரதத்துக்காக உப்பில்லாமல் வைத்த அவருடைய பூசணிக் குழம்பை அவர் முன்னால் டொக்கென்று வைத்தேன்.

"அந்தப் பலகையை இப்பவே கழட்டி அடுப்புல வெச்சுடு. அவங்க வந்து கழட்டற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? நானாவது அதுல பிரெட்ஃப்ரூட் காயைச் சுட்டுத் திங்கறேன்."

"மகாராணி, சாப்பிடும்போது கத்தாத," என்றார். என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். எவ்வளவு கோபத்திலும் மகாராணிதான். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து போய்ப் பலகையைத் துடைத்தார். அன்றைக்கு அது இரண்டாவது தடவை.

நான் வேலியின் உட்பக்கத்தில் சாக்கட்டியால் கோடு போட ஆரம்பித்தேன். வாரத்துக்கு ஒரு கோடு. ஜூன் முடியும்போது செடிகள் என் மார்பளவுக்கு வந்துவிட்டன. இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. இந்த வேகத்தில் போனால் ஜூலை முடிவதற்குள் தகரத்துக்கு மேலே தலையை நீட்டி ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லும்.

ஒரு செவ்வாய்க்கிழமை யுரையா வள்ளிக்கிழங்கு விற்க சந்தைக்குப் போனார். பிஸ்கட் டப்பாவைத் திறந்து கத்தரிக்கோலை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு வேலிக்குள் போனேன். இருபது வெட்டு, பத்து நிமிஷ வேலை. ஆடு புகுந்து மேய்ந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வாசலுக்குப் பக்கத்தில் இருந்த செடிதான் எல்லாவற்றிலும் உயரம். அதற்கு ஷீபா என்று பெயர் வைத்திருந்தார். அதன் கொழுந்தை இடது கையில் பிடித்து, கத்தரிக்கோலை விரித்தேன்.

என்னால் முடியவில்லை. கடவுளுக்குப் பயந்து அல்ல. நான் ஞாயிற்றுக்கிழமை பாப்டிஸ்ட் சர்ச்சுக்குப் போகிறவள், என் கடவுளுக்கு முடிவெட்டுவதில் ஆட்சேபணை கிடையாது. என் கண்முன்னால் வந்து நின்றது யுரையாவின் தலை.

எனக்குப் பதினெட்டு வயது, அவருக்கு இருபத்திரண்டு. ஒரு சின்னக் கஞ்சாப் பொட்டலத்துக்காக அவரைப் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். விடியற்காலையில் அவர் அம்மா வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்திருக்கிறார்கள். மூன்று நாள் கழித்து விட்டார்கள். நேராக எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வந்தார். தலையில் முடியில்லை. ஒழுங்காக வழித்திருந்தால்கூடப் பரவாயில்லை, கொத்துக்கொத்தாக அறுத்திருந்தார்கள். அங்கங்கே தோல் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. உள்ளே வா என்றேன், வரவில்லை. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். குடித்துவிட்டு அந்தக் குவளையைப் பிடித்தபடியே நின்றார்.

"உள்ள வரும்போதும் கேக்கல நாவ்லெட், தலையில கை வைக்கும்போதும் கேக்கல," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் சிவப்புக் கோடு போட்ட போலீஸ் பேன்ட்டை ரோட்டில் பார்த்தால் இன்றைக்கும் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

நானும் கேட்காமல்தான் வந்திருந்தேன். கத்தரிக்கோலைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். டப்பாவில் போட்டு மூடினேன். அன்றைக்கு அவருக்கு என்ன சமைத்தேன் என்றுகூட ஞாபகமில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் ஐவரின் என்பவள் தலை பின்னிக்கொள்ள வந்தாள். அவள் முடி அடர்த்தி. அவிழ்த்துவிட்டால் தலைக்கு மேலே ஒரு முழம் நிற்கும். வகிடு எடுத்து, ஒவ்வொரு வரிசையாக மண்டையோடு ஒட்டிப் படுக்க வைத்துப் பின்னிக்கொண்டு வந்தேன். பாதி முடிந்தது. கண்ணாடியில் பார்த்தேன். ஒரு பக்கம் முடி முழ உயரம் நிற்கிறது, மறு பக்கம் தோலோடு படுத்துக் கிடக்கிறது. ஒரு முடிகூட வெட்டவில்லை.

சீப்பைக் கீழே போட்டேன்.

"எங்கடி போற? என் தலை!" என்று ஐவரின் கத்தினாள்.

"இரு, வரேன்!"

யுரையா வேலிக்குள் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க அவர் முன்னால் போய் நின்றேன்.

"வெட்ட வேண்டாம். படுக்க வைக்கலாம்."

"எதை?"

"தலையை. வளைச்சுப் பக்கவாட்டுல இழுத்துக் கட்டிடலாம். நான் தினம் செய்யறதுதானே? உயரமா நிக்கற முடியை நான் வெட்டியா அடக்கறேன்? பின்னித்தானே அடக்கறேன்?"

அவர் களையைக் கையில் பிடித்தபடி யோசித்தார். யுரையா யோசிக்க ஆரம்பித்தால் நாம் போய்ச் சமைத்துச் சாப்பிட்டுத் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வரலாம். மறுநாள் காலையில் டீ குடிக்கும்போது சொன்னார்:

"குனியறதுல தப்பில்ல மகாராணி. நானும்தான் தினம் காலைல படைச்சவன் முன்னாடி குனியறேன்."

ஐவரின் அந்த வெள்ளிக்கிழமை இரண்டு மணி நேரம் பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தாள். அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

வாழைமட்டையை உரித்து, கிழித்து, தண்ணீரில் ஊறப்போட்டுக் கயிறாக்கினோம். மூங்கிலைச் சீவி முளை அடித்தோம். டஷானாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். காலையில் தண்டு விறைப்பாக இருக்கும், மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் துவண்ட பிறகு வளையுங்கள், ஒரே நாளில் முழுசாகச் சாய்க்காதீர்கள், இன்றைக்குக் கொஞ்சம் நாளைக்குக் கொஞ்சம் என்றாள். அப்படியே செய்தோம். மூன்று நாளில் பதினோரு செடி கட்டினோம். தலை கீழே சாய்ந்ததும் அதுவரை தூங்கிக்கொண்டிருந்த பக்கக் கிளைகள் எல்லாம் வெளிச்சம் தேடி எழுந்தன. ஒரு தண்டு இருந்த இடத்தில் ஏழெட்டுக் கிளைகள் வரிசையாக நிமிர்ந்து நின்றன. யுரையா ஒவ்வொன்றிடமும் போய் நலம் விசாரித்தார்.

அங்கேதான் என் கை தன் புத்தியைக் காட்டியது. தலை பின்னுவதில் இறுக்கம்தான் மரியாதை. தளர்வாகப் பின்னினால் நாலு நாளில் அவிழ்ந்துவிடும், அப்புறம் யார் வருவார்கள்? நெற்றித்தோல் இழுபட்டுப் புருவம் மேலே போனால்தான் நல்ல பின்னல். நாற்பது வருடமாக என் விரலுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"லூஸா விடு மகாராணி," என்றார் யுரையா, ஒவ்வொரு செடிக்கும்.

"எனக்குச் சொல்லித் தராத. நான் பின்னினது மூணு வாரம் நிக்கும்."

"இது மண்டை இல்ல, தண்டு."

"நீ உன் கயிறைப் பாரு."

பன்னிரண்டாவது ஷீபா. தண்டு என் கட்டைவிரலைவிடத் தடிமன். தலை பின்னும்போது நாற்காலியின் முதுகில் முழங்காலை முட்டுக்கொடுத்து இழுப்பேனே, அதே பழக்கத்தில் தரையில் முழங்காலை ஊன்றிக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்தேன். படக்கென்று ஒரு சத்தம். ஒன்றரை முழத் தலை என் கையோடு வந்துவிட்டது.

யுரையா அந்தக் கோடியிலிருந்து வந்தார். நான் அதைக் கீழே போடவும் தெரியாமல் நின்றேன். கத்தரிக்கோலால் செய்ய மாட்டேன் என்று திரும்பிப் போனதைக் கையால் செய்துவிட்டேன். அவர் தன் பின்னல் தொப்பியைக் கழற்றினார், சடை அவிழ்ந்து முதுகில் விழுந்தது. அந்த ஒடிந்த தலையைத் தொப்பிக்குள் வைத்து எடுத்துக்கொண்டு பிரெட்ஃப்ரூட் மரத்தடிக்குப் போனார். மண் தோண்டும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு சண்டை இல்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சாப்பிட்டார், தூங்கினார், கேட்டதற்குப் பதில் சொன்னார். ஆனால் "நாவ்லெட்" என்று கூப்பிட்டார். "நாவ்லெட், குடத்துல தண்ணி இல்ல." "நாவ்லெட், கோழியை அடைச்சாச்சா?" என் பெயரே எனக்கு வசவு மாதிரி கேட்டது.

மிச்சமிருந்த எட்டுச் செடியை யாரும் தொடவில்லை. அவர் தொட மாட்டார், எனக்குத் தைரியம் இல்லை. சாக்கட்டிக் கோடு ஆறடியைத் தொட்டது. பலகையை அவர் துடைப்பதையும் நிறுத்திவிட்டார். ரோட்டுப் புழுதி அதில் படிந்தது. நானே ஒருநாள் போய்த் துடைத்துவிட்டு வந்தேன், அவர் பார்க்காதபோது.

ஷீபாவின் முறிவில் கற்றாழைச் சோற்றைத் தடவி, சுத்தமான துணியைக் கிழித்துக் கட்டியிருந்தேன். தினமும் விடிந்ததும் போய்ப் பார்ப்பேன். முதல் நாலு நாள் ஒன்றுமில்லை. இலைகள் வாடித் தொங்கின. ஆறாம் நாள் நிமிர்ந்தன. ஒன்பதாம் நாள் நான் போனபோது யுரையா எனக்கு முன்பே அங்கே இருந்தார். தொப்பியில்லாமல் செடிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இங்க வா," என்றார்.

முறிவுக்குக் கீழே, இரண்டு இலைக்காம்பின் அக்குளிலிருந்தும் இரண்டு கொழுந்து வந்திருந்தது. விரல் நீளம், பச்சைப்பசேல் என்று, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று.

"அளந்து பாத்தேன். ரெண்டும் ஒரே உயரம்," என்றார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு உங்க வீட்டு வாசலுக்கு வந்தேனே. என் தலை எப்படி இருந்துச்சு?"

"அது எதுக்கு இப்போ?"

"சொல்லு. நான் கண்ணாடி பாக்கல. நீதான் பாத்த."

"கரும்பு வெட்டி முடிச்ச காடு மாதிரி இருந்துச்சு," என்றேன். பொய் சொல்ல வரவில்லை. "உன்னைப் பாத்துட்டு உள்ள போய் அம்மா மடியில விழுந்து அழுதேன்."

அவர் தலையை ஆட்டினார். சடையை முன்பக்கம் இழுத்து, அள்ளி, என் மடியில் வைத்தார். ஈரச் சாக்குமூட்டை மாதிரி கனம்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"அதே தலைலேர்ந்துதான்."

"அதே தலை. அப்போ அவங்களால ஒண்ணும் பண்ண முடியல, இல்ல?"

"முடியல யுரி, ஒண்ணுமே முடியல," என்றேன். நாற்பத்திரண்டு வருடமாக அவர் வெட்டுப்பட்டதையே நினைத்துக்கொண்டிருந்தார். முளைத்ததை நினைத்துப் பார்க்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. தினமும் அந்தச் சடைக்கு எண்ணெய் தடவித் துடைத்துவிடுகிற எனக்கே அது தோன்றவில்லை.

சூரியன் வேலிக்கு மேலே வந்தது. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"கத்தி வைக்க மாட்டேன். அதுல மாத்தமில்ல. ஆனா உடைஞ்சா இனிமே குழி தோண்ட மாட்டேன்." வாழைமட்டைக் கயிறை எடுத்து என்னிடம் நீட்டினார். "வா மகாராணி. லூஸா."

நான் மூக்கைச் சிந்திக்கொண்டே கட்டினேன். மிச்சம் எட்டில் இரண்டு ஒடிந்தன. அவை ஒடிந்தனவா, ஒடித்தேனா என்று டஷானா பிறகு ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டாள். கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

ஆகஸ்ட் கடைசி வாரம் வந்தார்கள். டஷானா, அலுவலகத்திலிருந்து ஒரு கிளார்க், கூடவே ஒரு போலீஸ்காரர். முப்பது வயதுகூட இருக்காது, கார்ப்பரல், கஞ்சி போட்ட சட்டை, சிவப்புக் கோடு போட்ட பேன்ட். நான் கொட்டகையில் ஒரு தலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றேன். இது என் வழக்கமாகிவிட்டது.

யுரையா வேலிக்குள் இருந்தார். வாசல் திறந்திருந்தது.

அவர்கள் ரோட்டில் நின்று பார்த்தார்கள். நாலு பக்கமும் சுற்றி நடந்தார்கள். கார்ப்பரல் மதகுச் சுவர்மேல் ஏறி எட்டிக்கூடப் பார்த்தார். தகரத்துக்கு மேலே வானம்தான் இருந்தது, ஓர் இலை இல்லை. டஷானா என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள்.

"செடியை எண்ணணும். உள்ள போய்ப் பாத்துடலாம்," என்றார் கிளார்க்.

கார்ப்பரல் முன்னால் நடந்தார். வாசலுக்குள்ளே யுரையா அவருக்கு முதுகு காட்டி, ஷீபாவின் ஒரு கிளைக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார். தொப்பி போட்டிருக்கவில்லை, சடை முதுகு முழுக்கத் தொங்கியது. பூட்ஸ் சத்தம் அவருக்குக் கேட்காமல் இருந்திருக்காது. அவர் தோள் இறுகியதை நான் பார்த்தேன்.

கார்ப்பரல் வாசலில் நின்றார். பலகையைப் பார்த்தார். வாய்க்குள் படித்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"மிஸ்டர் கம்மிங்ஸ், உள்ள வரலாமா?"

யுரையா திரும்பவில்லை. கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு சுற்று. கிளார்க் தொண்டையைக் கனைத்தார். "அவருக்குக் காது கேக்கலையா?" என்று டஷானா என் காதில் கேட்டாள். "கேக்குது, சும்மா இரு," என்றேன். கார்ப்பரல் மட்டும் அவசரப்படவில்லை, அப்படியே நின்றார். யார் பெற்ற பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்.

யுரையா முடிச்சுப் போட்டார். ஒரு விரல் உள்ளே விட்டுப் பார்த்தார், தளர்வாக இருக்கிறதா என்று. பிறகு திரும்பினார்.

"வாங்க. பாத்து, தலையைக் குனிஞ்சு வாங்க. வாசலை மறிச்சு ஷீபா படந்திருக்கா."

கார்ப்பரல் குனிந்து உள்ளே போனார். இருபது செடியை எண்ணினார்கள். அளவுகோல் வைத்து அளந்தார்கள்; எல்லாவற்றிலும் உயரமானது ஐந்தடி பத்தங்குலம். ஒவ்வொன்றும் ஒரு கட்டில் அகலம், கிளைக்குக் கிளை பூ. கிளார்க் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது கார்ப்பரல் யுரையாவிடம் கை நீட்டினார், யுரையா பிடித்துக் குலுக்கினார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன், அதனால் நம்புகிறேன்.

சாயங்காலம் பலகையைத் துடைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தப் பையன் என்ன கேட்டான்?"

"உனக்குத்தான் காது இருக்கே."

"நீ சொல்லு மகாராணி."

"உள்ள வரலாமான்னு கேட்டான்."

தலையை ஆட்டிக்கொண்டார். குழம்பு கொதிப்பதற்குள் மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன். சாப்பிட உட்கார்ந்து மூன்றாவது தடவையும் கேட்டார். "இதே வேலையாப் போச்சா உனக்கு? பேசாம சாப்பிடு!" என்று கத்தினேன். கத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பையன் சொன்ன மாதிரியே, மிஸ்டர் கம்மிங்ஸ் என்று ஆரம்பித்து, முழுசாக இன்னொரு தடவை சொன்னேன்.